காலநிலையை மாற்றியது மனிதனா? அதை மனிதனே திருத்திவிட முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவி வெப்பமாதல் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம், குறிப்பாக உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில், இரண்டு வகைக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, ‘இதெல்லாம் மனிதன் செய்ததுதானா?’ என்ற சந்தேகம். இன்னொன்று, ‘அப்படியே இருந்தாலும் வானத்தில் எதையாவது தூவிச் சரிசெய்துவிடலாமே?’ என்ற நம்பிக்கை. இரண்டும் எதிரெதிர் போலத் தெரிந்தாலும் பல நேரம் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அதனால்தான் இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

பூமி சூடாகிறது என்பதே உண்மையா?

ஆமாம். 1850–1900 காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டால் 2011–2020 பத்தாண்டு சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பமாக இருந்தது. 2024 என்ற ஒற்றை ஆண்டு 1.5 டிகிரியையே தாண்டியது. வெப்பமானிகள் நகரங்களுக்குள் இருப்பதால் வரும் பிழை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. அதை அளக்கும் மிதவைகளுக்குப் பக்கத்தில் எந்த நகரமும் இல்லை.

காலநிலை எந்தக் காலத்தில் மாறாமல் இருந்தது? பனியுகம் வந்துபோனது மனிதனாலா?

இல்லை. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டு கால அளவில் மெல்ல மாறுகின்றன. பனியுகங்கள் அதையொட்டி வந்துபோயின. கடைசிப் பனியுகத்திலிருந்து பூமி ஐந்தாறு டிகிரி சூடாவதற்குச் சுமார் 10,000 ஆண்டுகள் பிடித்தன. இப்போது ஒரு டிகிரிக்கு மேல் ஏறியது ஏறக்குறைய 150 ஆண்டுகளில். அதிலும் பெரும்பகுதி கடந்த 50 ஆண்டுகளில். சுற்றுப்பாதை அவ்வளவு வேகமாக எதையும் செய்யாது.

முன்பு இயற்கையாக மாறியது என்பதால் இப்போதும் இயற்கையாகத்தான் மாறுகிறது என்று ஆகிவிடாது. காடு மின்னலாலும் எரியும், ஆள் வைத்த தீயாலும் எரியும். எது காரணம் என்று ஒவ்வொரு முறையும் தடயம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, தடயம் என்ன? இயற்கை விடும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் மனிதன் விடுவது கொஞ்சம்தானே?

கேட்க வேண்டிய கேள்விதான் இது. கரியமில வாயு பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கும் வாயு. கடலும் மண்ணும் செடிகொடிகளும் ஆண்டுதோறும் வெளிவிடும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால், மனிதன் விடுவது இருபதில் ஒரு பங்கு அளவில்தான் வரும். ஆனால் இயற்கை விடுவது மட்டுமல்ல, எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. வரத்தும் போக்கும் சமமாக உள்ள ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் புதிதாக ஒரு சிறு வாய்க்காலைத் திறந்துவிட்டால், ஆற்று வரத்தோடு ஒப்பிட அது அற்பம்தான். ஆனால் கரையில் நீர்மட்டம் ஏறுவது அந்த வாய்க்காலால்தான்.

கணக்கும் இதையே சொல்கிறது. நாம் விடுவதில் ஏறக்குறைய பாதிதான் காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் காடும் இழுத்துக்கொள்கின்றன. ஆக இயற்கை இன்று மொத்தத்தில் கரியமில வாயுவை உள்வாங்குகிறதே தவிரச் சேர்க்கவில்லை. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிக் பனிக்குள் சிக்கியிருக்கும் பழைய காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில், தொழிற்புரட்சிக்கு முன்பு, அது 300-ஐத் தாண்டவே இல்லை.

அது நாம் எரித்ததுதான் என்பதற்கு அதிலுள்ள கரியிலேயே (கார்பனிலேயே) அடையாளம் இருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை என்பதால் அவற்றில் காலப்போக்கில் சிதைந்து மறையும் கார்பன்-14 என்ற வகை எஞ்சியிருக்காது. தாவரங்களிலிருந்து வந்தவை என்பதால் கார்பன்-13 குறைவாக இருக்கும். காற்றில் உள்ள கரியின் கலவை அதே திசையில் மாறிவருகிறது. எரியும்போது செலவாக வேண்டிய ஆக்ஸிஜனும் காற்றில் சிறிது சிறிதாகக் குறைந்துவருகிறது.

எரிமலைகள்?

அவை விடுவது, மனிதன் விடும் கரியமில வாயுவில் ஒரு சதவீதம்கூட வராது. எரிபொருள் எரிப்பதால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் போகிறது.

சூரியனின் வெப்பம் கூடியிருக்கலாமே?

1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை நேரடியாக அளக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர, அதில் மேல்நோக்கிய போக்கு இல்லை. பூமி சூடானது அதே காலத்தில்தான்.

எனக்கு மிகவும் உறுதியாகப் படும் சான்று வேறொன்று. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது அப்படியில்லை. நாம் வாழும் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். அளவீடுகள் பிற்பாடு வந்து அதை உறுதிசெய்தன. மனாபேவுக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

1970களில் இதே விஞ்ஞானிகள் பனியுகம் வரும் என்றார்களே?

பத்திரிகைகள் அப்படி எழுதின. 1965 முதல் 1979 வரை வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது, குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44.

விஞ்ஞானிகள் தவறே செய்ததில்லையா? இமயமலைப் பனி 2035-ல் காணாமல் போகும் என்றது பொய்யானதே?

தவறு நடந்தது. ஐபிசிசி எனப்படும் ஐ.நா. காலநிலைக் குழுவின் 2007 அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு பத்தி இருந்தது. அதற்கு ஆதாரமான ஆய்வு இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற வி.கே. ரைனா 2009-ல் ஓர் அறிக்கை எழுதி, பனியாறுகள் பற்றிய பயமுறுத்தல்களைக் கேள்வி கேட்டார். அப்போது ஐபிசிசி தலைவராக இருந்த ஆர்.கே. பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று ஒதுக்கினார். இரண்டு மாதங்களில், 2010 ஜனவரியில், ஐபிசிசி தன் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

இந்தக் கதையை மறைக்காமல் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 2035 என்ற அந்த ஆண்டு தவறு, கேள்வி கேட்டவரை ஏளனம் செய்ததும் தவறு. அதே நேரம், இமயமலைப் பனியாறுகள் சுருங்கவில்லை என்று அதிலிருந்து முடிவுகட்டினால் அதுவும் தவறு. கடந்த 50 ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களில் அவை சுருங்குவது தெளிவாகத் தெரிகிறது, இந்த நூற்றாண்டில் வேகமும் கூடியிருக்கிறது. ஒரு பத்தி பொய்யானதால் மௌனா லோவா அளவீடு பொய்யாகிவிடாது. 2009 நவம்பரில் பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்கள் திருடி வெளியிடப்பட்டபோதும் இப்படித்தான். பல விசாரணைகள் நடந்தன. தரவுகளை இன்னும் வெளிப்படையாகப் பகிர்ந்திருக்க வேண்டும் என்று கண்டித்தன, மோசடி எதையும் காணவில்லை.

அப்படியானால் சந்தேகப்படுவதே தப்பு என்கிறீர்களா?

இல்லவே இல்லை. சந்தேகத்தை முடிவுவரை கொண்டுபோன ஒருவரைச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் முல்லர் வெப்பநிலைப் பதிவுகளை நம்பவில்லை. தானே ஒரு குழு அமைத்து, பதிவுகள் அத்தனையையும் புதிதாக ஆராய்ந்தார். எண்ணெய்த் தொழில் கோடீஸ்வரர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அதற்குப் பணம் தந்தது. 2012-ல் முல்லர் எழுதிய முடிவு: வெப்பமாதல் உண்மை, ஏறக்குறைய முழுக்கவே மனிதனால் வந்தது.

உண்மையிலேயே தெரியாதவையும் இருக்கின்றன. கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஐபிசிசி தரும் வீச்சு 2.5 முதல் 4 டிகிரி. மேகங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் அதில் பெரிய சிக்கல். ஒரு மாவட்டத்தின் மழை கூடுமா குறையுமா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் முடியாது. அதற்காக வெப்பமாதலே இல்லை என்று ஆகிவிடாது.

வேண்டுமென்றே கிளப்பிவிட்ட சந்தேகம் என்று சொல்கிறார்களே, ஆதாரம் உண்டா?

உண்டு. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் எரிபொருள் எரிப்பதால் பூமி சூடாகும் என்பதை 1977-ல் நிறுவன மேலாண்மைக்கு விளக்கினார். 1977 முதல் 2003 வரை அந்த நிறுவன விஞ்ஞானிகள் போட்ட கணிப்புகளை 2023-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சரிபார்த்தது. பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி ஏறும் என்று உள்ளே கணித்திருந்தார்கள். நடந்ததும் ஏறக்குறைய அதுவே. வெளியே மட்டும் எதுவும் நிச்சயமில்லை என்று விளம்பரம் செய்தார்கள்.

இந்த முறை புகையிலையிடமிருந்து வந்தது. புகையிலை நிறுவனம் ஒன்றின் 1969-ஆம் ஆண்டு உள்குறிப்பில் ‘சந்தேகமே நமது சரக்கு’ என்று இருக்கிறது. புகையிலை நிறுவனத்துக்காக ஆய்வு நிதியை மேற்பார்வையிட்ட ஃப்ரெடெரிக் சைட்ஸ், 1984-ல் தொடங்கிய ஜார்ஜ் மார்ஷல் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர்; காலநிலை அறிவியலுக்கு எதிராக நீண்டகாலம் பேசியது அந்த நிறுவனம். வாட்ஸ்அப்பில் சந்தேகத்தைப் பகிர்பவர் இதற்குக் கூட்டாளி அல்ல. அவருக்குக் கிடைத்ததை அவர் பகிர்கிறார், அவ்வளவுதான்.

புவிப்பொறியியல் என்பது என்ன?

பூமியின் காலநிலையைத் திட்டமிட்டுப் பெரிய அளவில் மாற்றும் யோசனைகளின் பொதுப்பெயர். ஒரு வகை, காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுப்பது. இன்னொரு வகை, வாயுவை அப்படியே விட்டுவிட்டு, வரும் சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவது. சர்ச்சை பெரும்பாலும் இரண்டாவதைச் சுற்றித்தான்.

சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பினால் உண்மையில் குளிருமா?

குளிரும். அதை ஓர் எரிமலை காட்டிவிட்டது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்து, ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் சல்ஃபர் டை ஆக்சைடை ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் தள்ளியது. அது சல்ஃபேட் நுண்துளிகளாகி உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டில் பூமியின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியது. ஓரிரு ஆண்டுகளில் துளிகள் கீழே விழுந்தன, வெப்பம் பழைய நிலைக்குத் திரும்பியது.

ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற பவுல் க்ரட்சன் 2006-ல் இதையே மனிதன் செயற்கையாகத் தூவிச் செய்வதைப் பற்றி எழுதிய பிறகுதான், ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த இந்தப் பேச்சு வெளிப்படையானது. வெளியேற்றத்தைக் குறைப்பதே சிறந்த வழி, ஆனால் அது இப்போதைக்கு வெறும் நல்லாசையாக இருக்கிறது என்ற வேதனையில் எழுதினார். அதற்கு முன்பே 2000-ல், இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் ஜி. பாலாவும் கென் கால்டெய்ராவும், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் இதைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒளியைக் குறைத்து வாயுவின் விளைவைச் சமன்செய்ய முடியாது என்று எதிர்பார்த்தே தொடங்கினார்கள். மாதிரியில் அது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சமன்செய்தது.

பிறகு என்ன தடை? செய்துவிடலாமே?

தடை குளிர்ச்சியில் இல்லை, மற்றவற்றில் இருக்கிறது. முதலில் மழை. பினாட்டுபோ வெடித்ததற்கு அடுத்த ஆண்டில், உலக நிலப்பரப்பில் மழையும் ஆறுகள் கடலுக்குக் கொண்டுசென்ற நீரும் வெகுவாகக் குறைந்தன. தூவுவது பூமியின் ஓர் அரைக்கோளத்தில் மட்டும் என்றால் மழைப் பட்டையே இடம் நகரும். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் 1900 முதல் 2010 வரை வந்த மிக வறண்ட நான்கு கோடைகளில் மூன்று, வட அரைக்கோளத்தில் பெரிய எரிமலை வெடித்ததைத் தொடர்ந்து வந்தவை.

நம் பக்கத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதனும் இதே க்ரட்சனும் 1999-ல் இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய ஆய்வை நடத்தினார்கள். தெற்காசியாவின் புகையும் தூசியும் கடல்மேல் பழுப்புப் படலமாகப் பரவி, கடலை எட்டும் ஒளியைக் குறைப்பதை அளந்தார்கள். ஒளி குறைந்தால் நீர் ஆவியாவது குறையும். இந்தப் படலம் பருவமழையைத் தளர்த்துகிறது என்று ராமநாதன் பின்னர் காட்டினார். ஒளியை மறைப்பது மழையைத் தொடாது என்று யாரும் நமக்கு உத்தரவாதம் தர முடியாது. மேட்டூருக்கு நீர் தருவது குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. கடலோர மாவட்டங்களின் ஏரிகளை நிரப்புவது வடகிழக்குப் பருவமழை. இந்த இரண்டையும் தனித்தனியாக நம்பகமாகக் கணிக்கும் மாதிரி இன்று இல்லை. எனக்கு இந்த யோசனையில் பெரிய அச்சமே இதுதான்.

அப்புறம், நிறுத்த முடியாமை. சல்ஃபேட் ஓரிரு ஆண்டில் விழுந்துவிடும்; கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். நாற்பது ஆண்டு தூவிவிட்டு, ஒரு போராலோ பணமுடையாலோ நிறுத்தினால், மறைத்துவைத்த வெப்பம் முழுவதும் பத்து இருபது ஆண்டுகளுக்குள் வந்து இறங்கும். காற்றில் கரியமில வாயு குறையாததால் கடல் அமிலமாவதும் தொடரும். பவளப்பாறைகளுக்கு எந்த ஆறுதலும் இல்லை.

வெப்பமாதலை மறுத்தவர்களே இதை ஆதரித்தார்கள் என்கிறார்களே, எப்படி?

ஹைட்ரஜன் குண்டோடு பெயர் சேர்ந்த எட்வர்ட் டெல்லர் நல்ல எடுத்துக்காட்டு. 1997 அக்டோபரில், வெளியேற்றத்தைக் குறைப்பது பற்றிப் பேச நாடுகள் கூடிய கியோட்டோ மாநாட்டுக்குச் சற்று முன்பு, அமெரிக்க நாளிதழ் ஒன்றில் எழுதினார்: மனிதன்தான் வெப்பமாக்குகிறான் என்பது உறுதியில்லை, அப்படியே இருந்தாலும் வானில் துகள் தூவுவது, எரிபொருளைக் குறைப்பதைவிட மிக மலிவு. இரண்டு வாதங்களும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடுகின்றன: நிலக்கரியையும் எண்ணெயையும் தொட வேண்டாம்.

இந்த மனப்பாங்கு பழையது. 1965-ல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் அறிவியல் ஆலோசகர்கள் கரியமில வாயு பற்றி எச்சரித்தார்கள். தீர்வாக அவர்கள் சொன்னது, கடல்மேல் ஒளியைத் திருப்பும் துகள்களைப் பரப்புவது. எரிப்பதைக் குறைக்கலாம் என்ற வரியே அந்தப் பகுதியில் இல்லை.

புவிப்பொறியியலை ஆராய்பவர் எல்லாரும் இப்படி என்று சொல்லிவிடக் கூடாது. க்ரட்சனும் பாலாவும் கால்டெய்ராவும் வெப்பமாதலை மறுத்தவர்கள் இல்லை.

கடலில் இரும்பைக் கரைத்தால் பாசி வளர்ந்து கரியை உறிஞ்சும் என்கிறார்களே?

இந்தியாவே செய்து பார்த்தது இது. 2009 தொடக்கத்தில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் போலார்ஸ்டெர்ன் கப்பலில் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலுக்குப் போய், 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பைக் கரைத்தன. பாசி வளர்ந்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைவு என்பதால், கனமான ஓடு கட்டி ஆழத்துக்கு மூழ்கும் டயட்டம் வகை வளரவில்லை. வளர்ந்த மென்பாசியைச் சிறு கடலுயிர்கள் தின்றுவிட்டன, ஆழத்துக்குப் போன கரி மிகக் குறைவு. முறையாகத் திட்டமிட்டு, கிடைத்ததை அப்படியே வெளியிட்ட நல்ல ஆய்வு அது. 2012-ல் கனடா கரைக்கு அப்பால் சுமார் 100 டன் இரும்பு சல்ஃபேட்டைக் கொட்டிய தனியார் முயற்சிக்கும் அதற்கும் எந்த ஒப்பும் இல்லை.

காற்றிலிருந்து கரியை உறிஞ்சும் இயந்திரங்கள்?

வேலை செய்கின்றன, அளவுதான் போதாது. ஐஸ்லாந்தில் 2024-ல் தொடங்கிய மம்மத் ஆலை முழுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 36,000 டன் பிடிக்கும். உலகம் அதை விடுவதற்கு அரை நிமிடம் போதும். சிமெண்ட், விமானம் போன்று எளிதில் நிறுத்த முடியாதவற்றுக்கு இத்தகைய முறைகள் கொஞ்சமாவது தேவைப்படும்.

விமானங்களுக்குப் பின்னால் வரும் வெள்ளைக் கோடுகள் ரகசியமாகத் தூவுவதுதானே?

இல்லை. இன்ஜின் புகையில் உள்ள நீராவி உறைந்து பனித்துகளாவதுதான் அது. மேலே காற்று ஈரமாக இருந்தால் கோடு நெடுநேரம் நிற்கும், உலர்ந்திருந்தால் உடனே மறையும்.

செயற்கை மழையும் இதே வகையா?

இல்லை. ஏற்கெனவே இருக்கும் மேகத்தில் சில்வர் அயோடைடு போன்றதைத் தூவிக் கொஞ்சம் கூடுதல் மழை பெற முயல்வது அது. சில மணிநேர வேலை, ஒரு வட்டார அளவு. தமிழ்நாடும் 1980களிலும் 1993–94-லும் முயன்றிருக்கிறது. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் சோலாப்பூரில் முறையாக ஆராய்ந்து, காற்று வீசும் திசையில் சராசரியாகச் சுமார் 18 சதவீதம் கூடுதல் மழை என்று 2023-ல் அறிவித்தது. மேகமே இல்லாத வானத்தில் ஒன்றும் நடக்காது. 2024 ஏப்ரலில் துபாய் மூழ்கியதற்கும் இது காரணமில்லை. அந்தப் பெருமழை ஓமன் வரை பெய்தது.

யாராவது வானில் தூவத் தொடங்கிவிட்டார்களா?

பெரிய அளவில் இல்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2021-ல் சுவீடனின் கிருனாவில் எதையும் தூவாமல் பலூனை மட்டும் பறக்கவிட்டுப் பார்க்கத் திட்டமிட்டார்கள். அங்குள்ள சாமி பழங்குடிகளின் அமைப்பு தங்களைக் கேட்கவில்லை என்று எதிர்த்தது. சோதனை நின்றது, 2024-ல் திட்டமே கைவிடப்பட்டது. இன்னொரு பக்கம், மேக் சன்செட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் யாரையும் கேட்காமல் 2022-ல் மெக்சிகோவிலிருந்து சல்ஃபர் டை ஆக்சைடு அடைத்த பலூன்களை விட்டது. அளவு மிகச் சிறிது. ஆனாலும் மெக்சிகோ அரசு 2023 ஜனவரியில் இத்தகைய சோதனைகளைத் தடைசெய்வதாக அறிவித்தது. சாமி மக்களும் மெக்சிகோவும் செய்தது சரி என்பதே என் கருத்து. வானம் எல்லோருக்கும் பொது. கேட்காமல் தொட யாருக்கும் உரிமை இல்லை.

முடிவெடுப்பது யார்? இந்தியாவின் நிலை என்னவாக இருக்க வேண்டும்?

இன்றைக்கு இதற்கென்று கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் இல்லை. பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் 2010-ல் பெரிய அளவிலான புவிப்பொறியியலைத் தவிர்க்கச் சொன்னன. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் இல்லை. 2024-ல் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் சுவிட்சர்லாந்து கொண்டுவந்த தீர்மானம் உடன்பாடு எட்டாமல் திரும்பப் பெறப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகள் பயன்படுத்துவதே கூடாது என்று நின்றன.

வானில் தூவுவதை இந்தியா ஆதரிக்கக் கூடாது. ஆனால் கணினி மாதிரி ஆய்வை விட்டுவிடவும் கூடாது. நாளை வேறொரு நாடு தொடங்கி, நம் பருவமழை பொய்த்தால், அது இயற்கையாகப் பொய்த்ததா, தூவியதால் பொய்த்ததா என்று சொல்ல நம்மிடமே கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கை, தூவியவர்களிடமே போய்க் கேட்கும் நிலை நமக்கு வரக் கூடாது.